கடலோரக் கிணற்று நீரும் அமேசான் மீனும்

டிஸ்கஸ் மீன் வளர்ப்பைப் பற்றிய கையேடுகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. ஆகவே தொட்டி நீரை எவ்வாறு சூடாக வைத்திருப்பது, அதற்கான மின்கட்டணத்தை எவ்வாறு குறைப்பது என்னும் கேள்விகளே அவற்றின் முதற்பக்கங்களை நிரப்பியிருக்கும். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் அமைந்துள்ள பொம்மையார்பாளையத்தில் இம்மீனுக்குத் தொட்டி அமைக்க முற்படுபவருக்கு அக்கேள்விகள் மார்கழி, தை மாதங்களின் பின்னிரவுகளில் மட்டுமே எழும். மீனுக்கு உகந்த 28 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தை ஆண்டின் பெரும்பகுதியில் வெயிலே தந்துவிடுகிறது. இங்கே தீர்க்க வேண்டிய சிக்கல் வேறு. கிணற்றிலிருந்தும் ஆழ்துளைக் குழாயிலிருந்தும் வரும் நீரில் என்னென்ன கரைந்திருக்கின்றன என்பதே அது. அதற்கு விடை தேட, மீனைப் பார்ப்பதற்கு முன் நிலத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஊரின் கிழக்கு எல்லை வங்கக் கடல். மேற்கே நிலம் மெல்ல உயர்ந்து, ஆரோவில் அமைந்துள்ள செம்மண் மேட்டில் கடல்மட்டத்துக்குச் சுமார் 50 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. இம்மேட்டுக்கு அடியிலுள்ள பாறையைப் புவியியலாளர் கடலூர் மணற்கல் என்கின்றனர். வானூர் வட்டத்திலேயே உள்ள திருவக்கரையில் கல்லாய் மாறிய பழங்கால மரங்கள் கிடப்பதும் இதே மணற்கல்லில்தான். மணற்கல் பெரும்பாலும் குவார்ட்ஸ் எனப்படும் படிகக்கல் மணிகளால் ஆனது. நீரில் எளிதில் கரையாதது. ஆகையால் அதனூடே இறங்கித் தேங்கும் மழைநீர் வழியில் தாதுப்பொருள்களை அதிகம் சேர்த்துக்கொள்வதில்லை. ஆனால் இதே வட்டத்தில், துருவை என்னும் ஊரின் பெயரால் அறியப்படும் சுண்ணாம்புக்கல் அடுக்கும் உண்டு. ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற கிரெட்டேசியஸ் காலத்தில் இப்பகுதி கடலுக்கு அடியில் இருந்தபோது படிந்த அடுக்கு அது. சுண்ணாம்புக்கல்லைத் தொட்டு வரும் நீர் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் கரைத்துக்கொண்டே வரும். போதாததற்கு, கரையோரக் கிணறுகளில் இறைப்பு மிகுந்தால் நன்னீரின் மட்டம் தாழ்ந்து கடல்நீர் உள்ளே நுழைகிறது. ஆக, இரண்டு தெரு தள்ளி வாழும் இரு குடும்பத்தாரின் தண்ணீர்கூட ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. எந்த ஆழத்தில், எந்த அடுக்கில் குழாய் நிற்கிறது என்பதே நீரின் தன்மையை முடிவு செய்கிறது.

இதனால் வளர்ப்பவர் முதலில் வாங்க வேண்டிய பொருள் கண்ணாடித் தொட்டி அன்று. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரும், கடினத்தன்மையை அளக்கும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டியும்தான். டிடிஎஸ் என்பது ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள அனைத்துப் பொருள்களின் மொத்த அளவு. அது மில்லிகிராமில் சொல்லப்படுகிறது. அந்த மொத்தத்தில் சமையல் உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்பதை மீட்டர் பிரித்துச் சொல்லாது. கடினத்தன்மை என்பது அம்மொத்தத்தில் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் பங்கு. சோப்பு நுரைக்காமல் போவதற்கும், வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளைப் படிவு ஏறுவதற்கும் காரணம் இதுவே. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 என்னும் குடிநீர்த் தரம், கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பதை விரும்பத்தக்கதாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கத்தக்கதாகவும் கொள்கிறது. டிஸ்கஸ் மீனுக்கோ 150 மில்லிகிராமுக்குக் குறைவான கடினத்தன்மையே நல்லது. மனிதர் தயங்காமல் குடிக்கும் நீர் இம்மீனுக்கு ஒவ்வாமற்போகலாம் என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

இவ்வளவு மென்மையான நீரை இம்மீன் ஏன் நாடுகிறது என்பதற்கு விடை அதன் பிறப்பிடத்தில் இருக்கிறது. ஆஸ்திரிய இயற்கையியலாளர் யோஹான் நாட்டரர் 1817 முதல் 1835 வரை பிரேசிலில் தங்கித் திரட்டி வியன்னாவுக்கு அனுப்பிய உயிரினங்களுள் தட்டையான, வட்டமான ஒரு மீனும் இருந்தது. அதற்கு 1840இல் சிம்பைசோடான் டிஸ்கஸ் என்று பெயரிட்டவர் யோஹான் யாக்கோப் ஹெக்கல். 1904இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழாக் பெல்லெக்ரான் சிம்பைசோடான் ஏக்விஃபாசியாட்டஸ் என்னும் இன்னோர் இனத்தை விவரித்தார். இவ்வினங்களை எத்தனையாகப் பிரிப்பது என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. வளர்ப்பவருக்கு அதனால் பெரிய நட்டமும் இல்லை, ஏனெனில் கடைகளில் விற்கப்படும் சிவப்பு, நீலப்பச்சை, புறாக்குருதி முதலிய வண்ண வகைகள் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகக் கலந்து உருவாக்கப்பட்டவை.

ஹெக்கல் விவரித்த இனம் வாழும் ரியோ நீக்ரோ ஆறு, கரைந்த உப்புகள் மிகக் குறைந்த, தேநீர் நிறமுடைய அமில நீரைக் கொண்டது. அதன் நீரேந்து பகுதியின் பாறைகள் பல கோடி ஆண்டு மழையில் கரையவேண்டியதெல்லாம் கரைந்து ஓய்ந்தவை; நிறமோ அழுகும் இலைகளிலிருந்து ஊறும் டானின், ஹியூமிக் அமிலங்களால் வருவது. அமேசான் படுகையில் ஆற்றுமட்டம் ஆண்டுதோறும் மனாவுஸ் நகருக்கு அருகே ஏறத்தாழ 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. வெள்ளக் காலத்தில் காட்டுக்குள் புகும் டிஸ்கஸ் மீன்கள், நீர் வடிந்ததும் ஏரிகளின் ஓரங்களில் வீழ்ந்து மூழ்கிய மரக்கிளைகளுக்கு இடையே கூட்டமாக ஒதுங்குகின்றன. பக்கவாட்டில் ஒடுங்கிய அவற்றின் உடல், நெருக்கமான கிளைகளுக்கு நடுவே செங்குத்தாக நழுவிச் செல்வதற்கு ஏற்றது. உடலில் ஓடும் கரும்பட்டைகள் கிளை நிழல்களோடு கலந்துவிடுகின்றன.

இங்கே ஓர் உண்மையைத் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். அம்மரக்கிளைகளுக்கு நடுவே நீர்த்தாவரங்கள் அதிகம் வளர்வதில்லை. ஒளி குறைவு, நீர்மட்டம் நிலையற்றது, ஊட்டம் அரிது. எனவே பச்சைப்பசேலென்ற செடிகளுக்கு நடுவே டிஸ்கஸ் நீந்தும் தொட்டி இயற்கையின் நகல் அன்று. மனிதக் கண்ணின் விருப்பத்துக்காக உருவான ஏற்பாடு. ஆனாலும் அது பொருளற்ற ஏற்பாடன்று. செடிகள் மீன்கழிவிலிருந்து பிறக்கும் நைட்ரஜனை உறிஞ்சுகின்றன. கூச்ச சுபாவமுள்ள இம்மீனுக்கு மறைவிடம் தருகின்றன. பாசி வளர்ச்சியோடு போட்டியிடுகின்றன. செடிக்கும் மீனுக்கும் ஒருசேரப் பொருந்தும் வெப்பமும் ஒளியும் குறுகிய இடைவெளியில் மட்டுமே அமைகின்றன என்பதை மனத்தில் கொண்டால் போதும்.

நீரைப் பதப்படுத்தும் வேலையில் வீடுகளில் பரவியுள்ள ஆர்.ஓ. கருவியே கை கொடுக்கிறது. எதிர்ச் சவ்வூடு பரவல் என்னும் முறையில், அழுத்தத்தின் மூலம் நீரை நுண்துளைச் சவ்வின் வழியே செலுத்தி, கரைந்த உப்புகளில் பெரும்பகுதியை அது பிரித்துவிடுகிறது. ஆனால் ஆர்.ஓ. நீரை மட்டுமே தொட்டியில் ஊற்றுவது தவறு. பைகார்பனேட் என்னும் பொருள் நீரின் அமிலத்தன்மை திடீரென மாறாமல் தாங்கி நிற்கிறது. இத்தாங்குதிறனைக் காரத்தன்மை என்பர். மீன்கழிவைச் சிதைக்கும் பாக்டீரியங்கள் ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றுவதற்குக் கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடுகின்றன. தாங்குதிறனே இல்லாத நீரில் பி.எச். அளவு ஓரிரவில் சரிந்துவிடக்கூடும். பி.எச். என்பது மடக்கை அளவு. 7இலிருந்து 6க்கு இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடிவிட்டதென்று பொருள். ஆகவே ஆர்.ஓ. நீரையும் கிணற்று நீரையும் கலப்பதே முறை. கிணற்று நீரின் டிடிஎஸ் 600, ஆர்.ஓ. நீரின் டிடிஎஸ் 30 என்று வைத்துக்கொண்டால், நான்கு குடம் ஆர்.ஓ. நீருக்கு ஒரு குடம் கிணற்று நீர் சேர்க்கையில் கலவையின் அளவு 144 ஆகிறது. இது டிஸ்கஸ் மீனுக்கும் செடிக்கும் போதும். கிணற்று நீரின் உப்பில் பெரும்பங்கு கடலிலிருந்து வந்த சோடியம் குளோரைடாக இருந்தால் இக்கணக்கு பயன்படாது. சுவையிலேயே உவர்ப்புத் தெரியும் அத்தகைய நீரைத் தவிர்த்து, ஆர்.ஓ. நீரில் தேவையான தாது உப்புகளைத் தனியே சேர்த்துக்கொள்வது நல்லது. கருவி கழிக்கும் நீர் தூய நீரைவிட இரண்டு மூன்று பங்கு அதிகம் என்பதால், அதைச் சாக்கடையில் விடாமல் தரை கழுவவும் தென்னைக்கு ஊற்றவும் வழி செய்துவிட்டே தொடங்க வேண்டும். நிலத்தடி நீர் குறைந்துவரும் கடலோரத்தில் இது வெறும் சிக்கன யோசனை அன்று.

ஆர்.ஓ. நீருக்கு நிகரான, இன்னும் சொல்லப்போனால் அதனினும் மேலான நீர் ஐப்பசி, கார்த்திகையில் வானத்திலிருந்தே வருகிறது. மழைநீரில் கரைந்த பொருள் மிகச் சொற்பம். டானின் நிறம் ஒன்றைத் தவிர, ரியோ நீக்ரோவின் நீருக்கு மிக நெருங்கிய நீர் அதுவே. 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் கிடைக்கும். முதல் மழையின் நீரில் தூசும் பறவை எச்சமும் கலந்திருக்கும் என்பதால் அதை விட்டுவிட்டு, பின்னர் வருவதை மூடிய தொட்டியில் சேமித்தால், கோடை வரை வாராந்தர நீர்மாற்றத்துக்கு உதவும். கடலை ஒட்டிய வீடுகளில் காற்றோடு வரும் உப்புத்துகள் மாடியில் படிந்திருக்கும். சேமித்த நீரையும் மீட்டரால் ஒருமுறை அளந்துகொள்வது நலம்.

தொட்டியின் அளவில் கஞ்சத்தனம் கூடாது. வளர்ந்த டிஸ்கஸ் 15 சென்டிமீட்டருக்குக் குறையாது, துடுப்புகளைச் சேர்த்தால் உயரமும் அதே அளவு இருக்கும், தனித்து வாழாது, ஐந்தாறு மீன்களாவது சேர்ந்திருந்தால்தான் ஒன்றையொன்று விரட்டும் வேகம் பலவற்றின்மீதும் பிரிந்து தணிகிறது. ஒரு மீனுக்கு 40 லிட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 340 லிட்டர் கொள்ளும். மணலும் மரமும் மேலே விடும் இடைவெளியும் போக மிஞ்சும் 270 லிட்டரில் ஆறு மீன்கள் தாராளமாக வாழலாம். நீரும் மணலும் கண்ணாடியும் சேர்ந்த எடை 300 கிலோவைத் தாண்டும் என்பதால், மாடியில் வைப்பதாயின் தளத்தின் நடுவே வைக்காமல், உத்திரம் செல்லும் சுவரை ஒட்டி வைக்க வேண்டும். நேர் வெயில் படும் சன்னலோரம் கூடாது. பாசியும் சூடும் சேர்ந்தே வரும்.

அடிமணலைத் தேர்வதில் கடலோரவாசிகள் எளிதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வீட்டு வாசலிலேயே கடற்கரை இருக்க, மணலை விலைக்கு வாங்குவானேன் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கடல்மணலில் கிளிஞ்சல் துணுக்குகள் கலந்திருக்கும். கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. சிரமப்பட்டு மென்மையாக்கிய நீரில் அம்மணலை இட்டால், அமிலம் கிளிஞ்சலைக் கரைக்கக் கரைக்கக் கடினத்தன்மையும் பி.எச். அளவும் நாள்தோறும் ஏறிக்கொண்டே போகும். எந்த மணலையும் சோதிப்பதற்கு எளிய வழி, உலர்ந்த ஒரு பிடி மணலின் மேல் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ விட்டுப் பார்ப்பது: நுண்குமிழிகள் சீறி எழுந்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, ஒன்றும் நேராவிட்டால் அது தொட்டிக்கு உகந்த படிகமணல். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக எழுப்பப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள், கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்ததிலிருந்து இவ்வூர்க் கடற்கரைகள் தேய்ந்துவருகின்றன. அங்கிருந்து ஒரு கூடை மணலும் அள்ளாமலிருக்க இதுவும் ஒரு காரணம். சலித்துக் கழுவிய சொரசொரப்பான குவார்ட்ஸ் மணலை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்பினால் போதும். நான்கடித் தொட்டிக்கு ஏறத்தாழ 40 கிலோ பிடிக்கும். மேட்டிலுள்ள செம்மண்ணில் இரும்புச்சத்து மிகுதி. அதை மெல்லிய அடுக்காக மணலுக்கு அடியில் இட்டால் செடிவேர்களுக்கு உதவும் என்றாலும், ஒரு செடியைப் பிடுங்கி நட்டாலே நீர் முழுதும் செந்நிறமாகிவிடும். புதியவர்கள் அதைத் தவிர்த்து, வேருக்கடியில் பதிக்கும் உர வில்லைகளைப் பயன்படுத்துவதே மேல்.

செடிகளைத் தேர்வது அழகைக் கொண்டு அன்று, வெப்பத்தைக் கொண்டு. கடைத்தொட்டிகளில் கண்ணைக் கவரும் சிவப்புத் தண்டுச்செடிகளும் புல்வெளி போன்ற தரைச்செடிகளும் பெரும்பாலும் 24, 25 பாகையில் செழிப்பவை. 30 பாகையில் அவற்றின் சுவாசச் செலவு உணவாக்க வரவை மிஞ்சிவிடுவதால் மெலிந்து அழுகுகின்றன. அமேசான் வாள்செடி, அனுபியஸ், ஜாவா பெரணி, வாலிஸ்னேரியா, இலங்கையின் ஓடைகளிலிருந்து உலகத் தொட்டிகளுக்குப் பரவிய கிரிப்டோகோரைன் வெண்டாய் ஆகியவை இச்சூட்டைத் தாங்குபவை. இவற்றுள் அனுபியஸையும் ஜாவா பெரணியையும் மணலில் புதைக்கக் கூடாது. அவற்றின் கிடைத்தண்டு மூடப்பட்டால் அழுகும். மரத்துண்டில் நூலால் கட்டிவிட வேண்டும். வாள்செடி இதற்கு நேரெதிர். வேரின் வழியே உணவைப் பெருமளவு எடுப்பது. அதனடியில்தான் உர வில்லை வேண்டும். தமிழகக் குளக்கரைகளில் வளரும் நீர்ப்பிரம்மியும், நீர்நிலைகளில் மிதக்கும் இலைகளோடு காணப்படும் கொட்டியும்கூட முயன்று பார்க்கத்தக்கவை. நெல்வயல் ஓரத்திலிருந்து கொண்டுவரும் செடிகளில் பூச்சிமருந்தின் எச்சமும் நத்தை முட்டைகளும் இருக்கலாம். ஆகவே சில வாரங்கள் வேறு வாளியில் வைத்துப் பலமுறை நீர் மாற்றிய பிறகே அவற்றைத் தொட்டியில் நட வேண்டும். கடலோரத் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கப்படும் நாட்டு வாதுமை மரத்தின் உதிர்ந்த இலைகளை உலர்த்தித் தொட்டியில் இட்டால், அவற்றின் டானின் ஊறி நீர் தேநீர் நிறம் கொள்ளும். மீன் இதில் அமைதியடைவது கண்கூடு, ஆனால் செடிக்குப் போகும் ஒளி குறையும். ஓரிரு இலைகளோடு நிறுத்திக்கொள்வது சமரசம்.

ஒளி நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு மேல் தேவையில்லை. கரியமில வாயு உருளை வைத்துச் செடி வளர்ப்பது இப்போது பரவலாகிவிட்டாலும், டிஸ்கஸ் தொட்டியில் அது தேவையற்ற ஆபத்து என்றே கொள்ள வேண்டும். காரணம், ஆக்சிஜன். 25 பாகை நீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் அளவு ஆக்சிஜனைக் கொள்ளும். 30 பாகையில் அது 7.6க்குக் குறைகிறது, அதே வேளையில் சூடான நீரில் மீனின் தேவையோ கூடுகிறது. இரவில் ஒளி அணைந்ததும் செடிகளும் ஆக்சிஜனை எடுக்கத் தொடங்குகின்றன. கரியமில வாயுவை நீரில் நிறுத்துவதற்காக மேற்பரப்பை அசையாமல் வைத்தால், விடியற்காலையில் மீன்கள் வாயை மேலே நீட்டித் திணறும். மேற்பரப்பு நன்றாகச் சலனமுற வேண்டும். இரவில் காற்றுப் பம்ப் ஓட வேண்டும். மெதுவாக வளரும் செடிகளோடு மனநிறைவு கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசியில் நீர் 32 பாகையைத் தாண்டும் நாள்களில் விளக்கைக் குறைத்து, மூடியைத் திறந்து, மேற்பரப்பில் சிறு மின்விசிறியை வீசவிட்டால் ஆவியாதல் மூலம் ஒன்றிரண்டு பாகை குறையும். ஆவியான அளவை ஆர்.ஓ. நீரால் நிரப்ப வேண்டுமேயன்றிக் கிணற்று நீரால் அன்று, ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை.

செடி நட்டவுடன் மீன் விடும் அவசரமே பெரும்பாலான தொட்டிகளைக் கெடுக்கிறது. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியம் நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் மணலிலும் போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இக்காலத்தில் மீனில்லாத் தொட்டியில் சிட்டிகை மீனுணவைப் போட்டு அழுகவிட்டாலே அவற்றுக்குத் தீனி கிடைத்துவிடும். சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து பூச்சியமாக இருக்கும்போதுதான் தொட்டி ஆயத்தம். நீரிலுள்ள அம்மோனியா முழுவதும் நஞ்சன்று என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது: அயனியாகாத பகுதியே செவுளைத் தாக்குகிறது, அப்பகுதி 30 பாகையில், பி.எச். 7 ஆக இருக்கும்போது நூற்றுக்கு 0.8 மட்டுமே, பி.எச். 8 ஆனால் 7.5. கடின நீர்த் தொட்டியில் ஒரே அளவு கழிவு ஏறத்தாழ பத்து மடங்கு கொடியதாவது இதனால்தான். இளம் டிஸ்கஸ் குஞ்சுகளைச் செடித்தொட்டியில் வளர்க்கக் கூடாது என்று தேர்ந்த வளர்ப்பாளர் வலியுறுத்துவதற்கும் இதுவே அடிப்படை: குஞ்சுக்கு நாளைக்கு ஐந்தாறு வேளை உணவு வேண்டும், எஞ்சியது மணலுக்குள் சென்று அழுகும், வெறும் கண்ணாடித் தளத்தைப் போல அங்கே துடைத்தெடுக்க முடியாது. மணலும் செடியும் உள்ள தொட்டிக்கு 12 சென்டிமீட்டரேனும் வளர்ந்த மீன்களே ஏற்றவை. விலை கூடுதலாயினும் கணக்கில் அதுவே மலிவு.

அத்தகைய மீன்களைச் சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளிலும் பண்ணைகளிலும் தேர்ந்தெடுக்கலாம். ஆசியப் பண்ணைகளில் பிறந்த மீன்கள் காட்டு மீன்களைவிடக் கடினமான நீருக்குப் பழகியவை. ஆகவே ரியோ நீக்ரோவின் பி.எச். அளவை வீட்டில் துரத்திக்கொண்டிருப்பது வீண் வேலை. பண்ணையாரிடம் அவருடைய நீரின் டிடிஎஸ், பி.எச். அளவுகளைக் கேட்டு, அதற்கு அருகே தொடங்கி மெல்ல மாற்றுவதே அறிவு. வட்டமான உடல், உடலளவுக்குச் சிறிய கண், உணவுக்கு முன்வரும் துணிவு ஆகியவை நல்ல மீனின் அடையாளங்கள். உடல் நீள்வட்டமாகிக் கண் பெரிதாய்த் தெரிந்தால் அது குன்றிய மீன். கருத்து ஒதுங்கி நின்று, வெள்ளை நூல் போன்ற எச்சம் விடுவது குடலில் ஒட்டுண்ணி இருப்பதன் குறி. எவ்வளவு நல்ல மீனாயினும் நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே செடித்தொட்டிக்குள் விட வேண்டும், ஏனெனில் அங்கே மருந்திட்டால் செடியும் பாக்டீரியமும் சேர்ந்தே பாதிக்கப்படும்.

உணவைப் பொறுத்தவரை கடலோர ஊரின் நல்வாய்ப்பு, கரைக்கு வரும் புதிய இறால். ஓடு நீக்கிய இறாலையும் மீன்சதையையும் வேகவைத்த கீரையோடு அரைத்து, மெல்லிய தகடாக உறையவைத்து, வேளைக்கு ஒரு துண்டாக ஒடித்துப் போடலாம். காட்டில் இம்மீன் பாசியையும் மட்கையும் தாவரத் துணுக்குகளையும் சிறு நீர்ப்பூச்சிகளையும் மேய்வது என்பதால் கீரை சேர்ப்பது வீணன்று. சாக்கடைகளிலிருந்து திரட்டப்படும் டியூபிஃபெக்ஸ் புழுவை, அது எவ்வளவு விரும்பி உண்ணப்பட்டாலும், ஒதுக்கிவிடுவதே நலம்.

இவ்வளவு பாடும் எதற்காக என்று கேட்பவருக்கு, இணைசேர்ந்த ஒரு ஜோடி முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதைக் காட்டினால் போதும். முட்டையிட்டு ஏறத்தாழ இரண்டரை நாளில் பொரியும் குஞ்சுகள், நீந்தத் தொடங்கியதும் வேறு உணவைத் தேடாமல் தாய் தந்தையரின் உடலை மொய்க்கின்றன. பெற்றோரின் தோலில் சுரக்கும் கோழையே முதல் உணவு. ஒரு பெற்றோர் களைத்ததும் உடலைச் சட்டென்று உதற, குஞ்சுக் கூட்டம் முழுவதும் மற்றதன்மேல் தாவிவிடும். பிரிட்டனிலும் பிரேசிலிலும் உள்ள ஆய்வாளர்கள் சேர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, குஞ்சு பேணும் காலத்தில் அக்கோழையில் புரதமும் நோயெதிர்ப்புப் பொருளும் மிகுவதையும், மூன்றாம் வாரத்துக்குப் பின் அவை குறைவதையும், அவ்வேளையில் பெற்றோரே குஞ்சுகளை விட்டு விலகி நீந்தத் தொடங்குவதையும் காட்டியது. பாலூட்டிகளின் பால்மறப்புக்கு மீனுலகில் இதைவிட நெருங்கிய இணை காண்பது அரிது.

இந்த வியப்புக்காக அமேசானுக்கே போக வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. டிஸ்கஸ் சேர்ந்த சிக்லிட் குடும்பத்தில் இந்தியாவில் இயல்பாக வாழ்பவை மூன்றே இனங்கள். கரிமீன் அவற்றுள் ஒன்று, செல்லக்காசு எனப்படும் சிறிய மஞ்சள் மீன் இன்னொன்று. ஜெர்மானிய மீனியலாளர் மார்க்கஸ் எலீசர் பிளாக் இவற்றுக்கு முறையே 1790இலும் 1795இலும் பெயரிட்டார். விரலளவே வளரும் செல்லக்காசின் குஞ்சுகளும் பெற்றோரின் உடற்கோழையைக் கொத்தி உண்பவை. 1960களிலேயே இது விரிவாக ஆராயப்பட்டது. கழிமுகங்களும் உவர்நீர் நிலைகளும் அதன் இயல்பான வாழிடங்கள் என்பதால், டிஸ்கஸ் மீனுக்கு நஞ்சாகும் சற்றே உவர்த்த கடின நீர் அதற்குச் சொந்த நீர். வாரந்தோறும் 70 லிட்டர் நீரைக் கலந்து மாற்ற நேரமோ மனமோ இல்லாத வீட்டில் டிஸ்கஸ் வைப்பது அம்மீனுக்குச் செய்யும் தீங்கு. அவ்வீட்டுக்கு உரிய மீன் செல்லக்காசே.

டிஸ்கஸ்தான் என்று முடிவு செய்தவர் தொடங்கும் மாதத்தையும் எண்ணித் தேர வேண்டும். இக்கடலோரத்தின் புயல்கள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில் வருபவை: 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஃபெங்கல் புயலும் பல இடங்களை இருளில் ஆழ்த்தின. மின்சாரம் நின்றால் மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியங்கள் மடியத் தொடங்கும். பல மணி நேரத்துக்குப் பின் அதைக் கழுவாமல் இயக்கினால் அந்தக் கெட்ட நீர் முழுவதும் தொட்டிக்குள் பாயும். எனவே பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பும், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். மின்வெட்டு நீடிக்கும்வரை மீனுக்கு உணவு கூடாது. ஐப்பசியில் மழைநீரைப் பிடித்து, கிணற்று நீரோடு கலந்து தொட்டியை நிரப்பி, செடி நட்டு, புயல் மாதங்களை மீனில்லாமலே கடத்திவிட்டால், தை முடிந்து இரவுக் குளிர் விலகும்போது செடிகள் வேர்பிடித்திருக்கும், பாக்டீரியங்களும் பெருகியிருக்கும். மீனை வாங்க மாசி மாதமே ஏற்றது.